ஏட்டையாவின் ஸ்பார்க் பிளக்

என் மேசையில் பேனா போட்டுவைக்கும் டப்பாவில் ஒரு ஸ்பார்க் பிளக் கிடக்கிறது. பழைய மொபெட் ஒன்றின் பிளக். பீங்கான் பகுதி பழுப்பேறி, முனை கரிபிடித்து, மரையில் லேசாகத் துரு. அலுவலகத்தில் யார் என்னிடம் பேச வந்தாலும் பேசிக்கொண்டே அதைக் கையில் எடுத்து உருட்டுவார்கள். இது எதற்கு இங்கே என்று கேட்பார்கள். "கேஸ் பிராப்பர்ட்டி" என்பேன், வழக்கு முடியும்வரை போலீஸ் பிடித்துவைக்கிற சாமான். சிரிப்பார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. கொடுத்தவர் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். ராஜபாளையத்தில் அவர் தெருவில் நண்டும் சிண்டும் வரை அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவரைச் சந்தித்தபோது நான் முதியோரியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் இருந்தேன். இந்தப் பெயரை எங்கள் செட்டியார்பட்டியில் ஒருவருக்கும் நான் புரியவைத்ததில்லை. வயதானவர்களின் உடம்பு, மனசு, குடும்பம், அவர்கள் ஏறி இறங்கும் படிக்கட்டின் உயரம் வரை எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிற படிப்பு என்று விளக்குவேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "முதியோர் கல்வியா? சிலேட்டு வச்சு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுப்பாகளே, அதுவா?" என்பார்கள். அதற்குப் போய் எதற்கு இரண்டு வருடம் பல்கலைக்கழகம் என்று அவர்களுக்கு நியாயமான சந்தேகம். ஒரு கட்டத்தில் அம்மாவே அலுத்துப்போய், "ஏட்டி, கேக்கவிய கிட்ட நர்சுக்குப் படிக்கேன்னு சொல்லித் தொலையேன். மாப்பிள்ளை வீட்டுக்காரவியளுக்கும் புரியும்லா" என்றாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரியும். நாட்டில் வயதானவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், அவர்களுக்காகப் பயிற்சி பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை என்று நான் மேடைப் பேச்சு மாதிரி ஆரம்பித்தால், அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எனக்கு அந்தப் படிப்பின்மேல் அப்படி ஒரு வெறி. முதல் வருடத்தில் ஒரு நாள் எங்களை எல்லாம் கிழவர்களாக்கினார்கள். மூக்குக் கண்ணாடியில் வாசலின் தடவி மாட்டிவிட்டார்கள். காதில் பஞ்சு. செருப்புக்குள் துவரம்பருப்பு. முழங்காலை மடக்க முடியாதபடி பேண்டேஜ் துணியை இறுக்கிச் சுற்றி மாடிப்படி ஏறச் சொன்னார்கள். பஞ்சும் பேண்டேஜும் எங்கள் பக்கத்துச் சரக்கு, நான்தான் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தேன். நாங்கள் தடுமாறினோம், சிரித்தோம், செல்ஃபி எடுத்தோம், முதுமை என்றால் என்னவென்று தெரிந்துகொண்டோம் என்று நம்பினோம். ஏட்டையாவைப் பார்த்த பிறகு அந்தப் படங்களை எடுத்துப் பார்க்கவே எரிச்சலாக வரும். கண்ணையும் காதையும் காலையும் மறைத்தார்களே தவிர, நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எங்கள் தலைக்கு மேலாக எங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் வண்டியிலிருந்து யாரும் பிளக்கைக் கழற்றவில்லை.

களப்பணிக்கு எங்கள் பக்கமே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொண்டு நிறுவனம், வீட்டில் இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்க்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கீழே விழுந்தவர்களை நீ பார் என்று என்னிடம் விட்டார்கள். ஏட்டையா நெடுஞ்சாலை ஓரத்து மணலில் மொபெட் வழுக்கி விழுந்து, முழங்கை சிராய்த்து, ஒரு மாதம்போல ஆகியிருந்தது. முதல் நாள் போனபோது அவர் விசாரித்ததில், யாரை யார் மதிப்பிட வந்தது என்றே எனக்குக் குழம்பிவிட்டது. பேர் என்ன, அப்பா பேர் என்ன, செட்டியார்பட்டியில் எந்தத் தெரு, அங்கே இன்னாரைத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். நான் என் படிப்பைச் சொன்னதும் மீசைக்குள் சிரித்தார். "என்ன டீச்சரம்மா, அனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிப்பமா, இல்ல நேரா கையெழுத்துக்குப் போயிருவமா?" அன்றிலிருந்து நான் டீச்சரம்மா. எத்தனை முறை திருத்தினாலும் அதுதான். பிறகுதான் புரிந்தது, அவருக்கு நான் சொன்னது முதல் தடவையே விளங்கியிருந்தது. நான் கோபப்படுவதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது.

அவர் மூத்த மகன் வீட்டில் இருந்தார். மகன் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வீட்டில் கார் உண்டு. இளைய மகன் மத்தியக் காவல் படையில், வடக்கே எங்கோ. வீட்டின் பக்கச் சந்தில் பழைய சேலை ஒன்றால் போர்த்தி அந்த மொபெட் நின்றது. விழுந்ததிலிருந்து வண்டி ரிப்பேர், மெக்கானிக் வரவேண்டும் என்று மகன் சொல்லிவைத்திருந்தார். மெக்கானிக் கேரளா போயிருக்கிறார், மெக்கானிக்குக் காய்ச்சல், மெக்கானிக் சாமான் வரவழைத்திருக்கிறார். நான் மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போயிருந்தபோது ஏட்டையா என்னைச் சந்துக்குக் கூட்டிப்போய்ச் சேலையை விலக்கி, என்ஜினுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். பிளக் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பிளக்கை எடுத்துக் காட்டினார். டாக்டரைப் பார்க்கக் காரில் போனபோது முன்சீட்டுப் பெட்டியில் கிடைத்ததாம். "கழட்டுனவன் அத ஒளிச்சு வைக்கக்கூடத் தெரியாதவன். இவனப் பெத்ததுக்கு நான் போலீசுல இருந்து என்ன புண்ணியம்?" என்றார்.

அந்த வண்டியைப் பிரித்து மாட்டுவது அவருக்குக் கைப்பழக்கம். செத்த நேரத்தில் மாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். அவர் முகத்தில் இருந்த வேடிக்கை போய்விட்டது. "கழட்டுனவனே மாட்டணும் டீச்சரம்மா. இல்லேன்னா எதுக்குக் கழட்டுனேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

ஏட்டையாவுக்கு வண்டி எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். அவர் ஊர் சுற்றுகிறவர் இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவார், அவ்வளவுதான். அங்கே தேரடிக்குப் பின்னால் ஒரு முடுக்கில் ரைட்டர் இருந்தார். ஸ்டேஷனில் எழுத்து வேலை எல்லாம் பார்த்தவர். இருவரும் ஒரே ஸ்டேஷனில் நெடுங்காலம் இருந்தவர்கள். ரைட்டருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அவருக்கு முகச்சவரம் செய்துவிடத்தான் ஏட்டையா போவார். ரைட்டரின் மகன் செய்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்கு ஆள் வரவழைத்தாலும் அப்படியே. ஏட்டையா கத்தியை எடுத்தால் மட்டும் தலையைச் சாய்த்துக் கொடுப்பார். போலீஸ்காரன் தாடியோடு இருந்தால் ரைட்டருக்கு ஆகாது என்று ஏட்டையா சொல்வார். வண்டி நின்றதிலிருந்து அது நடக்கவில்லை.

நான் ஒழுங்காகப் படித்த பிள்ளை. அவர் பார்வையைச் சோதித்தேன், எழுந்து நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லிப் பார்த்தேன், கழுத்தை எவ்வளவு திருப்ப முடிகிறது என்று பார்த்தேன். ஒரு கண்ணில் புரை இன்னும் எடுக்கவில்லை. பின்னால் வருவதைத் திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை. கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் மூச்சுவிடாமல் ஓடுகிற சாலை அது. மகனுடைய பயம் நியாயமானது. அதை ஏட்டையாவிடமே சொன்னேன். தெருவுக்குள் ஓட்டலாம், நெடுஞ்சாலையில் இனி ஓட்டவே கூடாது என்றேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் பிளக்கை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். "சரி. நானே எத்தன பேர நிப்பாட்டி லைசென்சப் பிடுங்கியிருக்கேன். நீ சின்னப்பிள்ள, பயப்படாமச் சொல்லிட்ட. அவனுக்கு மட்டும் ஏன் வாய் வரமாட்டேங்கு?"

அதைத்தான் நான் மகனுடைய கடைக்குப் போய்க் கேட்டேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். திட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே விட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அப்பா விழுந்துவிட்டார் என்று போன் வந்த நாளைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "நீ ஓட்டாதன்னு அப்பாட்ட எப்பிடிம்மா சொல்லுவேன்? சின்னதுல இருந்து அவிய முன்னால நின்னு நான் பேசுனதே கெடையாது. மரியாத இல்லயா?" என்றார். அப்பாவை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற மரியாதையால்தான் அப்பாவுக்குத் தெரியாமல் பிளக்கைக் கழற்றியிருக்கிறார். அவரே தொடர்ந்து, என்னையும் வண்டி ரிப்பேர் என்றே சொல்லச் சொன்னார். முடியாது என்றேன். "சரிம்மா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

இந்த வார்த்தையை அதன்பிறகு நான் கேட்டது கொஞ்சநஞ்சமில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு குடும்பக் கூட்டம் கூட்டினேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். முதியவர்தான் முதலில் பேசவேண்டும் என்பது விதி. இளைய மகனை வீடியோ காலில் பிடித்து, சில்வர் தம்ளரில் சாய்த்து போனை நிறுத்தினோம். மருமகள் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிற அந்த மருமகள், மாமனாருக்கு மாத்திரை நேரம் தவறாமல் கொடுக்கிறவர். எனக்கு அவரைப் பிடிக்கும். நான் ஏட்டையாவைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மூத்த மகன், அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று பதில் சொன்னார். மறுபடி ஏட்டையாவைப் பார்த்து ரைட்டரைப் பார்க்கப் போவதைப் பற்றிக் கேட்டேன். அதற்குத் தம்ளரில் சாய்ந்திருந்த இளைய மகன் பதில் சொன்னார். கார் இருக்கிறது, அண்ணன் கூட்டிப்போவான், டாக்டர் சொன்னபடி நடந்துகொண்டால் போதும், மற்றதை நாங்கள் பாத்துக்கிடுதோம். அக்காவும் தலையாட்டினார், பாத்துக்கிடுதோம். கூட்டம் முடிந்துவிட்டது. காப்பி ஆறக்கூட இல்லை. முதலில் பேசவேண்டிய ஏட்டையாவின் முறை வரவே இல்லை.

வாசல் வரை என்னை வழியனுப்ப வந்தவர் செருப்பு மாட்டும்போது சிரிக்கத் தொடங்கினார். "நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க போயிட்டு வாங்க. ஸ்டேசன்ல இத எம்புட்டுப் பேருக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா? ஆடு காணும்னு வந்தவனுக்குச் சொல்லியிருக்கேன். மருமவன் அடிச்சிட்டான்னு மகளக் கூட்டிட்டு வந்தவளுக்குச் சொல்லியிருக்கேன். சொன்னா எந்திரிச்சுப் போயிருவாவ. போன பொறவு நாங்க டீக்குச் சொல்லுவோம். இப்ப என் வீட்டுலயே எனக்குச் சொல்லுதானுவ, டீச்சரம்மா. டீ மட்டுந்தான் வரல." பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் படிக்கும் படிப்பையே எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், பாத்துக்கிடுதது. அந்த வார்த்தையை வைத்தே கதவையும் சாத்துகிறார்கள்.

கார் வரும் என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு, மகனிடம் சொல்லி, ஏட்டையாவை நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். ரைட்டர் வீட்டில் நுழைந்ததும் அவர் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைக்கப் போனார். ரைட்டர் நாற்காலியில் இருந்தார். வெள்ளைத் தாடி கழுத்து வரை முளைத்துக் கிடந்தது. ஏட்டையாவைப் பார்த்ததும் நல்ல கையால் தன் முழங்காலைத் தட்டினார். ஏட்டையா கைச்சட்டையை மடித்துவிட்டு, பிரஷ்ஷில் நுரையெழுப்பிப் பூசி, பேச ஆரம்பித்தார். "அசையாதிரும் ஓய். கழுத்து இப்ப என் கையில. அந்தக் காலத்துல நான் எழுதுன ரிப்போர்ட்ட எல்லாம் கிழிச்சு என் தலையில எறிஞ்சீருல்லா, இப்ப எறியும் பாப்போம்." ரைட்டரின் தோள் குலுங்கியது. சிரிப்பு என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஏட்டையாவுக்கு எழுத்தில் பிழை விழும். அவர் எழுதியதை எல்லாம் வேலை பார்த்த காலம் முழுக்க ரைட்டர்தான் திருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். கன்னம், தாடை, மூக்குக்குக் கீழே என்று கத்தி போகப்போக ஒரு போலீஸ்காரரின் முகம் வெளியே வந்தது. எங்கள் புத்தகத்தில் இதற்குச் சமூகத் தொடர்பு என்று பெயர். முதியவருக்கு அது நல்லது என்று ஒரு வரி இருக்கும்.

திரும்பும்போது ஏட்டையா உட்காருவதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். கம்பியில் இடித்து அவருக்கு முழங்கால் வீங்கியது. உன்னை நம்பித்தானே அனுப்பினோம் என்று மகன் போனில் வருத்தப்பட்டார். பஸ் முடிந்தது. ஆட்டோ பேசித் தருகிறேன், தெரிந்த ஆட்டோக்காரர், வீட்டு வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவார் என்று போய் நின்றேன். அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி விளக்கினார். "கார் நிக்கிற வீட்டுல மாமா ஆட்டோல ஏறிப் போனா பாக்கவிய என்ன பேசுவாவ? கஞ்சி ஊத்தலன்னுதான சொல்லுவாவ?" கார் நிற்பதால் ஆட்டோ கூடாது. கார் எப்போது போகும் என்று கேட்டால், பாத்துக்கிடுதோம். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

கார் ஒரு தடவை போனது, அதையும் சொல்லவேண்டும். மகன் முடுக்கு முனையில் காரை நிறுத்தி, உள்ளே வராமல், வண்டிக்குள் இருந்தபடியே கடை ஆட்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாராம். பிள்ளை காத்திருக்கிறானே என்ற பரபரப்பில் ஏட்டையா கத்தியை வேகமாக ஓட்ட, ரைட்டரின் தாடையில் கீறிவிட்டது. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ரைட்டரின் மனைவி சொன்னார். அதன்பிறகு முகூர்த்த நாட்கள், ஸ்டாக் எடுப்பு, காருக்கு சர்வீஸ் என்று ஒன்று மாற்றி ஒன்று. ஏட்டையா மெல்ல மெல்லக் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காமல் இருந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. மாமா இப்போது ரொம்ப அமைதி, சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்று அக்கா சந்தோஷப்பட்டார். நான் போகும்போதெல்லாம் அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் டிவியைப் பார்க்கவில்லை, அது ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

படிப்பின் முடிவில் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன். எங்கள் துறை மேடம் பொறுமையாகக் கேட்டார். மறுபடி விழவில்லை, மாத்திரை தவறவில்லை, குடும்பம் ஒத்துழைக்கிறது, முதியவரும் சூழலோடு ஒத்துப்போகிறார், நல்ல களப்பணி என்று பாராட்டினார். ஒத்துப்போகவில்லை மேடம், கைவிட்டுவிட்டார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ அங்கிருந்து வந்துவிடுவாய். ராத்திரி அவருக்கு நெஞ்சு வலித்தால் அந்த மகன்தான் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அவரைப் பகைத்துக்கொண்டு நீ யாருக்கு உதவப்போகிறாய்?" என்று கேட்டார். அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசி நாள் சொல்லிக்கொள்ளப் போனபோது ஏட்டையா டிவியை அணைக்காமலேயே எழுந்து, என்னோடு சந்து வரை வந்தார். மொபெட்டின் சேலை வெயிலில் வெளுத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பிளக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "இது கேஸ் பிராப்பர்ட்டி, டீச்சரம்மா. பத்திரமா வச்சுக்கோ. கேஸ் முடியாம யார்ட்டயும் குடுத்துராத." நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், இங்கே தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காகப் பதிவுசெய்துகொள்கிற நிறுவனம். டாக்டரிடம் கூட்டிப்போவது, மருந்து வாங்கித் தருவது, வாரம் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வருவது எல்லாம் ஏற்பாடு செய்வோம். நல்ல வேலைதான், படித்ததற்கு ஏற்ற வேலை. அம்மாகூட இப்போது நர்ஸ் என்று சொல்வதை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஆபீஸ் வேலை என்கிறாள். ஆனால் என் இருக்கைக்கு எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வாசகம் ஒட்டியிருக்கிறது. உங்கள் பெற்றோரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சேர்ந்த புதிதில், இது பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறது, பெரியவர்களைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். நல்ல கேள்வி என்றார்கள். வாசகம் அப்படியே இருக்கிறது. நான் தினமும் அதையும் பிளக்கையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு போன்களை எடுக்கிறேன்.

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து அக்கா கூப்பிட்டார். மொபெட் சும்மா நின்று துருப்பிடிக்கிறது, சேத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்று முடிவாம். வண்டி ஏட்டையா பேரில் இருப்பதால் அவர் கையெழுத்துப் போடவேண்டும். பேனாவை நீட்டினால் அவர் வாங்க மாட்டேன் என்கிறார். "புது பிளக்கு வாங்கி மாட்டிக்கிடுதேன்னு வாங்க வந்தவரு சொல்லுதாரு. மாமா கேட்டாத்தான? வண்டிக்கு உள்ள பிளக்கு அந்த டீச்சரம்மாட்ட இருக்கு, அது வந்து, கழட்டுனவன் கையால மாட்டுனாத்தான் கையெழுத்துன்னு ஒத்தக் கால்ல நிக்காவ. ஒன்ட்டயா இருக்கு?"

இருக்கிறது என்றேன். டப்பாவிலிருந்து அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். டிவி முன்னால் அத்தனை மாதம் அமைதியாக உட்கார்ந்திருந்த மனிதர் ஒத்துப்போகவும் இல்லை, நான் மேடத்திடம் அடித்துச் சொன்ன மாதிரி கைவிடவும் இல்லை. ஏட்டையாவை ரைட்டர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்களா என்று கேட்டேன். தாடி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டதாக ரைட்டரின் மனைவி சொன்னாராம். வீட்டுக்காரருக்குக் கடையில் வேலை சரியாக இருக்கிறது, தீபாவளி கழியட்டும் என்று இருக்கிறார் என்றார் அக்கா. பிறகு, "அந்த பிளக்க மட்டும் கூரியர்ல போட்டு விடுதியா தங்கச்சி?" என்று கேட்டார்.

எதிர்ச்சுவர் வாசகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிளக்கின் கரியைப் பெருவிரலால் துடைத்தேன்.

"பாத்துக்கிடுதேன்க்கா" என்று சொல்லிவிட்டு, அதைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.